தடுப்பு மையங்களில் எத்தனை பேர்? அரசு தரும் எண்ணை எப்படிப் படிப்பது?

அசாமில் 'வெளிநாட்டவர்' என்று அறிவிக்கப்பட்டவர்களை வைத்திருந்த ஆறு தடுப்பு மையங்களும் அப்போது சிறை வளாகங்களுக்குள்ளேயே இயங்கின. கோல்பாரா, கோக்ரஜார், சில்சார், திப்ரூகர், ஜோர்ஹாட், தேஜ்பூர். 2019 நவம்பர் 22 நிலவரப்படி அங்கே 988 பேர் இருப்பதாக உள்துறை இணை அமைச்சர் நித்யானந்த் ராய் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அதன்பிறகு நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2020 மார்ச்சில் அதே ஆறு மையங்களுக்கு நாடாளுமன்றத்தில் தரப்பட்ட எண்: 3,331.

மூன்று மடங்குக்கும் மேல். என்ன நடந்தது?

உடனே ஒரு காரணம் தோன்றும். 2019 ஆகஸ்ட் 31-ல் தேசிய குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வெளியானது. 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அதில் இல்லை. 'ஓ, அவங்களைத்தான் பிடிச்சு உள்ளே போட்டிருக்காங்க' என்று தலைப்பு வைத்துவிடலாம். ஆனால் பட்டியலில் விடுபட்டவர்கள் வெளிநாட்டவர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த நடைமுறையே அப்போது தொடங்கவில்லை. அதனால் அந்தக் காரணம் நிற்காது.

சரி, கூட்டலில் தப்பு இருக்குமோ? மையவாரியாகத் தந்த எண்களை நீங்களே கூட்டிப் பாருங்கள். தேஜ்பூர் 797, திப்ரூகர் 680, ஜோர்ஹாட் 670, சில்சார் 479, கோல்பாரா 370, கோக்ரஜார் 335. சரியாக 3,331 வருகிறது. கூட்டலில் பிழை இல்லை. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில்தான் சிக்கல். அன்று உள்ளே இருந்தவர்களா, தொடங்கிய நாளிலிருந்து வந்துபோன எல்லோருமா, இத்தனை பேரை வைக்க இடம் இருக்கிறது என்ற கொள்ளளவா, அதே சிறையின் மற்ற கைதிகளும் சேர்ந்ததா? நான்கில் எதுவாகவும் இருக்கலாம். பதிலில் இருப்பது எண் மட்டும்தான்.

இந்த இடத்தில் ஒரு செய்தியாளர் என்ன செய்ய வேண்டும், வாசகரான நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அதற்குக் கொஞ்ச நேரம் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். காரணம் இருக்கிறது. குடியேற்றத் தடுப்புக் காவல் பற்றி அடிக்கடி, விரிவாக, எக்செல் ஃபைலாகவே தரவு தரும் அரசுகளில் அமெரிக்காவும் ஒன்று. தரவு குறைவாக இருக்கும் இடத்தில் பிழை கண்ணுக்கே தெரியாது. நிறைய இருக்கும் இடத்தில்தான் பிழைகளின் வகைகளைக் கற்றுக்கொள்ள முடியும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஃபைல்

அமெரிக்கக் குடியேற்ற மற்றும் சுங்க அமலாக்கத் துறையைச் சுருக்கமாக ஐ.சி.இ. என்பார்கள். 2025 பிப்ரவரி 5-ல் 104 இந்தியர்கள் ராணுவ விமானத்தில் அமிர்தசரஸ் வந்து இறங்கினார்களே, அதன்பிறகு இந்தப் பெயர் நம் ஊர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. இந்தத் துறை தன் காவலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இணையத்தில் வெளியிட வேண்டும். இது அந்நாட்டு நாடாளுமன்றம் நிதி ஒதுக்கும்போது போட்ட நிபந்தனை.

அந்த ஃபைலைத் திறந்தால் பல ஷீட்கள் இருக்கும். ஒன்றில் மொத்தக் கணக்கு. இன்னொன்றில் ஒவ்வொரு மையத்துக்கும் தனி வரி. கடைசியில் அடிக்குறிப்புகள். பெரும்பாலானவர்கள் முதல் ஷீட்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் இப்போதெல்லாம் கடைசி ஷீட்டிலிருந்துதான் தொடங்குகிறேன். யாரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

82 பேரா, 1,000 பேரா?

அதிகம் பேர் விழும் குழி இது. நானும் விழுந்திருக்கிறேன். மையங்களின் ஷீட்டில் ஒவ்வொரு மையத்துக்கும் எதிரே இருப்பது அன்றைய எண்ணிக்கை இல்லை, தினசரி சராசரி. அதுவும் அந்த நிதியாண்டு தொடங்கியதிலிருந்து இன்றுவரை எடுத்த சராசரி. அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது, ஏப்ரலில் இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு புது மையம் செப்டம்பர் 1-ல் திறக்கிறது. முதல் நாளிலிருந்தே 1,000 பேர். செப்டம்பர் 30 வரை 30 நாள். 1,000-ஐ 30-ஆல் பெருக்கினால் 30,000. அதை ஆண்டின் 365 நாட்களால் வகுத்தால் 82. ஆயிரம் பேர் நெருக்கியடித்துப் படுத்திருக்கும் இடம் ஷீட்டில் 82 பேர் கொண்ட சின்ன இடமாகத் தெரியும்.

அடுத்து அக்டோபர் பிறக்கும், புது நிதியாண்டு. கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அதே மையம், அதே ஆயிரம் பேர். இப்போது ஷீட்டில் 1,000 என்று வரும். செப்டம்பர் ஃபைலையும் அக்டோபர் ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவர், 'ஒரே மாதத்தில் 12 மடங்கு உயர்வு' என்று எழுதிவிடுவார். உள்ளே ஒரு ஆள்கூடக் கூடியிருக்க மாட்டார். என் வரைபடத்தில் இப்படி ஒரு செங்குத்துச் சுவர் வந்தபோது, 'அக்டோபர்ல அங்க என்ன ஆச்சு?' என்று எடிட்டர் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு ராத்திரி ஆனது. நல்லவேளை, பிரசுரத்துக்கு முன்பே கேட்டார்.

மொத்தக் கணக்கிலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் ஐ.சி.இ. காவலில் இருந்தவர்கள் சுமார் 39,000 பேர். ஆகஸ்ட் கடைசியில் 61,000-ஐத் தாண்டியது. அந்த நிதியாண்டின் சராசரியை எடுத்தால் ஜனவரிக்கு முந்தைய குறைவான மாதங்களும் சேர்ந்துகொள்ளும் என்பதால் எண் வெகுவாகக் கீழே இறங்கிவிடும். இரண்டும் அதிகாரபூர்வ எண்கள், இரண்டும் சரி. எந்த எண்ணை எந்தக் கேள்விக்கு வைக்கிறோம் என்பதில்தான் தப்பு நடக்கிறது.

ஒரே ஷீட், எதிரெதிர்த் தலைப்புகள்

காவலில் இருப்பவர்களை அந்த ஃபைல் மூன்றாகப் பிரிக்கிறது: குற்றம் நிரூபிக்கப்பட்டவர்கள், வழக்கு நிலுவையில் இருப்பவர்கள், குடியேற்ற விதியை மீறியவர்கள் மட்டும். 2025-ன் பிற்பகுதியில் நீங்கள் இரண்டு செய்திகளைப் படித்திருக்கலாம். ஒன்று, காவலில் இருப்பவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குக் குற்றத் தண்டனை எதுவும் இல்லை. இன்னொன்று, கைதானவர்களில் 70 சதவீதம் பேர் குற்றவாளிகள் அல்லது குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை சொன்னது.

யாராவது ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் கவனியுங்கள். நடுவில் இருக்கிற 'வழக்கு நிலுவை' என்ற பெட்டியை ஒரு தரப்பு இந்தப் பக்கம் கூட்டுகிறது, மறு தரப்பு அந்தப் பக்கம் கூட்டுகிறது. அடித்தளமும் வேறு. முதல் கணக்கு இன்று உள்ளே இருப்பவர்களைப் பற்றியது. எல்லைக் காவல் துறை பிடித்துக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. இரண்டாவது, ஐ.சி.இ. செய்த கைதுகளைப் பற்றியது. இது பிழை இல்லை, வரையறை. ஆனாலும் வாசகருக்குப் பிழையைவிட அதிகக் குழப்பம் தருவது இதுதான். என் கருத்தைக் கேட்டால், மூன்று பெட்டிகளையும் தனித்தனியாக எழுதிவிட வேண்டும். தலைப்பு கொஞ்சம் நீளமாகும், பரவாயில்லை.

கணக்கில் வராதவர்கள்

அமெரிக்க மார்ஷல்களின் பொறுப்பில் இருக்கும் கைதிகள் இந்தக் கணக்கில் கிடையாது. பெற்றோர் துணையின்றி வந்த சிறுவர்கள் அகதிகள் மீள்குடியமர்வு அலுவலகத்தின் கீழ் போய்விடுவார்கள்; அவர்களும் கிடையாது. ஐ.சி.இ. அலுவலகங்களுக்குள்ளேயே இருக்கும் தற்காலிகக் காவல் அறைகளும் மையங்களின் பட்டியலில் பொதுவாக வருவதில்லை. அங்கே ஒருவரைச் சில மணி நேரம் மட்டுமே வைப்பார்கள் என்பது பழைய விதி. 2025-ல் அந்த வரம்பு தளர்த்தப்பட்ட பிறகு, நாள்கணக்கில் அங்கேயே தரையில் படுத்திருந்தவர்கள் உண்டு. நியூயார்க் அலுவலகத்தின் நிலைமை நீதிமன்றம் வரை போனது. புளோரிடாவின் சதுப்பு நிலத்தில் 2025 ஜூலையில் திறக்கப்பட்டு 'அலிகேட்டர் அல்கட்ராஸ்' என்று பெயர் பெற்ற முகாம் மாநில அரசு நடத்துவது. உலகம் முழுக்கச் செய்தியான அந்த இடம் தொடக்கத்தில் மத்திய அரசின் இந்த ஷீட்டில் இல்லை.

இதை வெளியிலிருந்து குறை சொல்பவர்கள் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அமைப்பு ஜி.ஏ.ஓ. நம் சி.ஏ.ஜி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையில் அது வெளியிட்ட அறிக்கை, ஐ.சி.இ. பொதுவெளியில் தரும் எண் மொத்தத் தடுப்புக்காவலைக் குறைத்துக் காட்டுகிறது என்றது. முதலில் சில வகைத் தற்காலிக இடங்களில் பதிவாகி, பிறகு வழக்கமான மையத்துக்கு மாற்றப்பட்டவர்களை அந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. விடுபட்டவர்கள் பல பத்தாயிரம் பேர்.

ஒரு ஆள், நான்கு வரி

இரண்டு வார ஃபைலில் நாடுவாரிப் பட்டியல் இல்லை. 'எத்தனை இந்தியர்கள் உள்ளே இருக்காங்க?' என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. அதற்கு வேறொரு வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் கல்வியாளர்களும் வழக்கறிஞர்களும் நடத்தும் 'டிபோர்ட்டேஷன் டேட்டா ப்ராஜெக்ட்', தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வழியாக ஐ.சி.இ.-யின் உள் பதிவுகளை வாங்கி, பெயர்களை நீக்கிய வடிவில் எல்லோருக்கும் தருகிறது. அதில் குடியுரிமை நாடு இருக்கும்.

ஆனால் அந்தத் தரவில் ஒரு வரி என்பது ஒரு ஆள் இல்லை. ஒரு மையத்தில் ஒருவர் தங்கிய ஒரு தடவைதான் ஒரு வரி. அரிசோனாவில் பிடிபட்டவரை டெக்சாஸுக்கு மாற்றி, அங்கிருந்து லூசியானாவில் இரண்டு இடங்களுக்கு மாற்றினால் நான்கு வரி. வரிகளை எண்ணினால் ஒருவர் நால்வர் ஆகிவிடுவார். அதைவிட மோசம், ஒவ்வொரு வரியிலும் வெளியேறிய தேதி இருக்கும். காரணம் 'மாற்றப்பட்டார்' என்றிருக்கும். காரணத்தைப் பார்க்காமல் தேதியை மட்டும் எண்ணினால், மூன்று தடவை விடுதலையானதாகக் கணக்கு வரும். அவரோ இன்னும் உள்ளேயே இருப்பார்.

ஒரே ஆளின் எல்லா வரிகளையும் அடையாள எண் வைத்துச் சேர்த்து, முதல் நுழைவு முதல் கடைசி வெளியேற்றம் வரை ஒரே தங்கலாக மாற்றிய பிறகுதான் எண்ண வேண்டும். சில வரிகள் அச்சு அசலாக இரண்டு முறை இருக்கும். சிலவற்றில் ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இருந்ததாகப் பதிவாகியிருக்கும். வெளியேறிய தேதியே இல்லாத வரியும் உண்டு. இன்னும் உள்ளே இருப்பதால் அது காலியா, பதிய மறந்ததால் காலியா என்பதை வரி சொல்லாது. அந்த ஆளுக்கு வேறு பதிவுகள் உண்டா என்று நாடு கடத்தல் தரவிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

நம்ம ஊர் கணினியில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 03/04/2025 என்றால் அவர்களுக்கு மார்ச் 4. இந்தியத் தேதி அமைப்பில் இருக்கும் எக்செல் அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. 03/25/2025 வரும்போது 25-ஆம் மாதம் இல்லையே என்று அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். பாதித் தேதி தவறாக மாறியிருக்கும், மீதி மாறாமலே இருக்கும். ஒருவர் உள்ளே போவதற்கு முன்பே வெளியே வந்ததாக ஷீட் காட்டினால், அரசைத் திட்டுவதற்கு முன் உங்கள் கணினியின் தேதி அமைப்பைப் பாருங்கள்.

இது எதுக்கு இவ்வளவு விலாவாரியா என்று கேட்கலாம். இந்தப் பதிவுகளில்தான் ஒரு குடும்பம் தன் பிள்ளையைத் தேடும். ஐ.சி.இ.-க்கு ஓர் இணையத் தேடல் வசதி இருக்கிறது. வெளிநாட்டவருக்குத் தரப்படும் கோப்பு எண் கையில் இல்லையென்றால் பெயரையும் பிறந்த நாட்டையும் கொடுத்துத் தேட வேண்டும். எழுத்து மாறினால் கிடைக்காது. தமிழர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக எஃப்.என்.யூ. என்று போடுவார்கள். பதிவில் ஒரு விதமாகவும் குடும்பத்தின் கையில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டு முகாமில் பிறந்த இலங்கைத் தமிழர் ஒருவர் அங்கே பிடிபட்டால், பிறந்த நாடு இந்தியா, குடியுரிமை இலங்கை. தேடுபவர் இலங்கை என்று கொடுத்தால், 'பதிவு இல்லை' என்றுதான் வரும். பதிவு இல்லை என்பதற்கும் ஆள் இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இரண்டு அரசுகள், இரண்டு எண்கள்

2024-ல் அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இந்தியர்கள் 1,368 பேர் என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 2025 பிப்ரவரி 6-ல் மாநிலங்களவையில் சொன்னார். ஐ.சி.இ.-யின் 2024 ஆண்டறிக்கையில் அந்த எண் 1,529. வித்தியாசம் 161.

இதில் எது சரி என்று கேட்பதே பலன் தராது. ஐ.சி.இ.-யின் '2024' என்பது 2023 அக்டோபரில் தொடங்கி 2024 செப்டம்பரில் முடிவது. இரண்டு கணக்கும் ஒன்பது மாதம்தான் ஒன்றோடொன்று பொருந்தும். இவற்றை ஒரே வரைபடத்தில் போடவே கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு நிறத்தில், இரண்டு பெயரில்.

பிழை கண்ணில் பட்டால்?

திருத்திவிடத் தோன்றும். வேண்டாம். மூல ஃபைலைத் தொடாமல், வெளியான தேதியைப் பெயரில் சேர்த்துத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐ.சி.இ. புது ஃபைல் போடும்போது பழையது அந்த இடத்திலிருந்து போய்விடும். நேற்றைய எண்ணை இன்று யாராவது மாற்றியிருந்தால், நேற்றைய பிரதி உங்களிடம் இருந்தால்தான் தெரியும். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டிராக் என்ற ஆய்வு அமைப்பு 2019-ல் குடியேற்ற நீதிமன்றத் தரவில் பதிவுகள் காணாமல் போவதை இப்படித்தான் கண்டுபிடித்தது. முந்தைய மாதம் இருந்த வரிகள் அடுத்த மாதத் தொகுப்பில் இல்லை. காவலுக்கு மாற்றாக மின்னணுக் கண்காணிப்பில் வைக்கப்படுபவர்கள் பற்றி ஐ.சி.இ. வெளியிட்ட எண்களில் பிழை இருப்பதை 2022-ல் சுட்டிக்காட்டியதும் அதே அமைப்புதான்.

அடுத்து நான் செய்வது ரேஷன் கடை இருப்புப் பதிவேட்டுக் கணக்கு. தொடக்க இருப்பு, கூட்டல் வரவு, கழித்தல் வழங்கல், மிச்சம் கடைசி இருப்பு. மனிதர்களை அரிசி மூட்டையோடு ஒப்பிடுவது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் பொய்க் கணக்கைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒன்றாம் தேதி இருந்தவர்கள், அந்த மாதம் உள்ளே வந்தவர்கள், வெளியே போனவர்கள் மூன்றையும் வைத்துக் கடைசி நாள் எண் வர வேண்டும். வராவிட்டால் எத்தனை பேர் இடிக்கிறது என்று அப்படியே எழுதிவைக்க வேண்டும். பிறகு துறைக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் வரவில்லை என்று கட்டுரையிலேயே சொல்ல வேண்டும். இடையில் ஒரு வாரத் தரவு இல்லையென்றால் முன்னும் பின்னும் பார்த்து ஒரு கோட்டை இழுத்துவிடுவது சுலபம்; அங்கே இடைவெளி விடுவதுதான் நேர்மை.

இனி அதே பதிவேட்டுக் கணக்கோடு அசாமுக்குத் திரும்புவோம். அங்கே எக்செல் ஃபைல் கிடையாது. நாடாளுமன்றக் கேள்விகளுக்கும் நீதிமன்ற மனுக்களுக்கும் வந்த பதில்களை ஒன்றொன்றாகக் கோர்க்க வேண்டும். 2019 ஜூன் 25 நிலவரப்படி ஆறு மையங்களிலும் 1,133 பேர். அவர்களில் 335 பேர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக உள்ளே இருந்தவர்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 10-ல், மூன்று ஆண்டுகளை முடித்தவர்களைத் தலா ஒரு லட்சம் ரூபாய்க்கு இரண்டு பிணையாளர்களோடு நிபந்தனைகளின்பேரில் விடுவிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து நவம்பரில் எண் 988. குறைந்தது 145.

இந்த 145-ஐ 'விடுதலையானவர்கள்' என்று எழுத முடியாது. புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்தால்தான் எத்தனை பேர் போனார்கள் என்று தெரியும். அப்படிப் போனவர்களில் பிணையில் வந்தவர்கள், எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டவர்கள், உள்ளேயே இறந்தவர்கள் என எல்லோரும் இருக்கலாம். நவம்பர் மாதப் பதிலில் இன்னொரு எண்ணும் இருந்தது. 2016 முதல் 2019 அக்டோபர் 13 வரை அந்த மையங்களில் இறந்தவர்கள் 28 பேர். அதில் எத்தனை மரணம் இந்த ஐந்து மாதத்துக்குள் நடந்தது என்பதை அந்த மொத்தத்திலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

2023 ஜனவரியிலிருந்து கோல்பாரா மாவட்டத்தின் மாட்டியாவில் 3,000 பேரை வைக்கக்கூடிய தனி முகாம் இயங்குகிறது. இப்போது அதற்குப் பெயர் தடுப்பு மையம் இல்லை, 'இடைத்தங்கல் முகாம்'. பெயர் மாறும்போது பழைய எண் வரிசை அங்கேயே அறுந்துவிடும். 'தடுப்பு மையங்களில் இருப்போர்' என்று யாராவது கேள்வி கேட்டால் பூஜ்யம் என்றுகூடப் பதில் வரலாம். ஆகவே அடுத்த முறை நாடாளுமன்றத்தில் இதுபற்றி ஒரு எண் வெளியானால், பதிலோடு சேர்த்துக் கேள்வியையும் படியுங்கள். எந்தத் தேதி, எந்த இடங்கள், அன்று இருந்தவர்களா அல்லது மொத்தமாக வந்துபோனவர்களா என்று கேட்டவர் கேட்டிருக்கிறாரா பாருங்கள். கேட்கவில்லையென்றால் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்களே விண்ணப்பிக்கவும் செய்யலாம். மத்திய அரசுக்குக் கட்டணம் பத்து ரூபாய்.